கிரீடத்தில் ஒரு பள்ளம்

ஜெலுத்தோங், பினாங்கு.
ஞாயிறு, பூசைக்குப் போய் வந்த பிறகு.

அன்பு மகன் ஷேனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மெல்பர்னில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

வாட்சாப் இருக்கும்போது அம்மா எதற்குப் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்பாய். நான் போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். நான் வெள்ளிக்கிழமை என்றால் அவர் வியாழன் என்கிறார். கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்களே தவிர, பிழை திருத்துவதிலிருந்து யாரும் அவருக்கு ஓய்வு கொடுக்கவில்லை. இதில் எழுதப்போவதை அவரை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

முதலில் வீட்டு நிலைமை. உன் அறை இப்போது விமானக் கொட்டகை. உன் கட்டிலில் ஏதோ போர்க்காலத்து விமானத்தின் வால் தகடு படுத்திருக்கிறது. சுங்கை பாக்காப் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் மண் வாரும்போது கிடைத்ததாம். குளியலறைக் கதவோரம் உடைந்த விசிறி இறக்கை ஒன்று. நான் இரண்டு முறை கால் விரலை இடித்துக்கொண்டேன். சிங்கப்பூர், பெர்த் என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் பழைய விமானப்படைச் சின்னங்களைப் படம் எடுத்து அனுப்பி, "மாஸ்டர், இது அசலா?" என்று கேட்கிறார்கள். பார்சலிலேயே அனுப்புகிறவர்களும் உண்டு. வந்தவுடன் இவர் பட்டப்பகலில் படுக்கையறை ஜன்னலையெல்லாம் மூடிவிட்டு ஊதா விளக்கு அடித்துப் பார்க்கிறார். சின்னம் தைத்த பழைய நூல் மங்கிக் கிடக்குமாம், இந்தக் காலத்து நூல் பளிச்சென்று ஒளிருமாம். ஒளிரட்டும். அந்த இருட்டில் நான் எப்படித் துணி மடிப்பது?

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. இப்போது வந்திருப்பது உன் தங்கை ஷெரிலின் கல்யாண விஷயம்.

மாப்பிள்ளை தேவகுமார் வீட்டார் நல்ல மனிதர்கள் என்று முன்பே சொன்னேன். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், கோயில் குளம் என்று இருப்பவர்கள். சர்ச்சா கோயிலா என்று பெரிய சண்டை வரும் என்று நான் நோவேனா ஜெபம் எல்லாம் சொன்னேன். அது ஒரு பிற்பகலிலேயே பேசி முடிந்தது. காலையில் சர்ச், மாலையில் மண்டபத்தில் தாலி. அத்தனை பெரிய விஷயம் தீர்ந்துவிட்டது. ஆனால் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு பித்தளையில் போய்க் கல்யாணம் மாட்டிக்கொண்டது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவானில் அவர்களுடைய புது அடுக்குமாடி வீட்டுக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். தேவகுமாரின் அம்மா கனகேஸ்வரி நண்டுக் கறி வைத்திருந்தார். சாப்பிட்ட பிறகு தேவகுமாரின் அப்பா அப்புத்துரை சுவரிலிருந்து ஒரு கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். உள்ளே நீல வெல்வெட்டில் ஒரு தொப்பிச் சின்னம். ஜப்பான்காரன் சண்டையின்போது அவருடைய பெரியப்பா பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து தொப்பியில் குத்தியிருந்ததாம். அந்தப் பெரியப்பா பர்மா பக்கம் போய்த் திரும்பி வரவில்லை. அவருடைய கூட்டாளி ஒருவர் அதைக் கொண்டுவந்து கொடுத்தாராம். குடும்பத்தில் அவர் நினைவாக இருப்பது அது ஒன்றுதான். அப்புத்துரை அதை இரண்டு கையாலும் நீட்டி, "மாஸ்டர், நீங்களே சொல்லுங்கோ, இப்பிடியொண்டு பினாங்கில வேற ஆரிட்டயாவது இருக்கோ?" என்றார்.

உன் அப்பா சட்டைப்பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார்.  மருமகன் வீட்டு விருந்துக்கு யாராவது உருப்பெருக்கி கொண்டு போவார்களா?

பார்த்துவிட்டு, "இது சண்டைக் காலத்தது இல்லிங்க" என்றார். சொல்லிவிட்டு விடவில்லை. பாடம் நடத்தினார். இங்கிலாந்தில் அரசர் ஆண்டபோது சின்னத்தின் கிரீடம் மேலே உருண்டையாக வளைந்திருக்குமாம். அரசி பட்டத்துக்கு வந்த பிறகுதான் கிரீடத்தின் நடுவில் பள்ளம் விழுந்ததாம். இதில் பள்ளம் இருக்கிறது, அரசி வந்தது சண்டை முடிந்து எத்தனையோ வருஷம் கழித்து. "ஆகவே" என்று கரும்பலகை முன்னால் நிற்பதுபோல் விரலைத் தூக்கினார்.

அப்புத்துரையின் முகம் கறுத்துவிட்டது. "அப்ப என்ர பெரியப்பா பொய்யனோ?" என்றார். உன் அப்பா, "நான் பேட்ஜைத்தான் சொல்றேன்" என்றார். அதற்குள் அவர் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஷெரில் அழுதுகொண்டே காரில் வந்தாள். பாலம் முழுக்க நான் கத்திக்கொண்டு வந்தேன். உன் அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கேட்டாரு, சொன்னேன்."

அடுத்த நாள் தேவகுமார் ஷெரிலுக்குப் போன் செய்தான். அவனுடைய அப்பா மண்டபத்துக்கு முன்பணம் கட்டப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். நான் உன் அப்பாவிடம், "கண்ணு சரியாத் தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்லா" என்று கெஞ்சினேன். "கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்கிறார். இந்த மனிதரோடு நான் எப்படி இத்தனை காலம் குடும்பம் நடத்தினேன் என்று அந்தோனியார்தான் சொல்லவேண்டும்.

அந்த வாரம் லிட்டில் இந்தியாவில் ஷெரிலுடைய ரவிக்கைகளை வாங்கப் போயிருந்தேன். தையல்கடை வாசலில் கனகேஸ்வரி நின்றார். எனக்காகவே காத்திருந்தார் என்று பார்த்ததும் தெரிந்தது. என்னைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போய், தேநீரைத் தொடாமலே சொன்னார். பத்து காவானுக்கு வீடு மாறியபோது ஒரு பெட்டி தொலைந்துவிட்டது. சட்டத்திலிருந்து கழற்றி வைத்த சின்னம் அதில்தான் இருந்தது. கணவர் தாங்கமாட்டார் என்று பயந்து, லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் அதேபோல் ஒன்று தேடி வாங்கிச் சட்டத்தில் வைத்துவிட்டார். "எனக்குக் கிரீடமெண்டால் கிரீடம்தானே அக்கா. பள்ளம் இருக்கு, மேடு இருக்கெண்டு ஆர் பாக்கிறது?" என்றார். நான் என்ன சொல்ல? அதைப் பார்ப்பதற்கென்றே பிறந்த ஒருவர் என் வீட்டில் இருக்கிறாரே.

பாவமாக இருந்தது, எரிச்சலும் வந்தது. ஒருவர் உண்மையைச் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்துகிறார், இன்னொருவர் சொல்லாமல் நிறுத்துகிறார். "நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க, நான் யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். சொல்வார் என்று நான் நம்பவில்லை.

சொல்லிவிட்டார். நேற்றுக் காலை நாங்கள் பசியாறிக்கொண்டிருந்தபோது அப்புத்துரை தனியாக வந்து நின்றார், கையில் அதே சட்டம். மனைவி சொன்னதையெல்லாம் சொன்னார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லையாம். "பிறகு யோசிச்சன். எனக்குப் பயந்துதானே அவள் இப்பிடிச் செய்தவள்" என்றார். தலை நிமிரவில்லை. பிறகு, "மாஸ்டர், அசல் எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார்.

உன் அப்பா எழுந்து போய் இழுப்பறையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். யார் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தது. கிரீடம் உருண்டையாக, தேய்ந்து வழவழப்பாக இருந்தது. "இத வெச்சிக்குங்க அண்ணே" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது காய்வதற்குள், "ஆனா பெரியப்பாவோடதுன்னு சட்டத்துல எழுதக்கூடாது. அதே மாதிரின்னுதான் எழுதணும்" என்றார்! இட்லியை வைத்துக்கொண்டு இரண்டு கிழவர்களும் அந்த ஒரு வரிக்காகச் சண்டை போட்டார்கள். கடைசியில் 'பெரியப்பா அணிந்த வகைச் சின்னம்' என்று அப்புத்துரை தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் அதை விரலால் தடவியபடி, "விமானம் ஓட்டினவர் மாஸ்டர், என்ர பெரியப்பா" என்றார்.

உன் அப்பா வாயைத் திறந்தார். இந்தப் பித்தளைச் சின்னம் போட்டவர்களில் பெரும்பாலோர் தரையில் நின்று விமானத்தைப் பழுது பார்த்தவர்கள் என்று எனக்கே நூறு தடவை சொல்லியிருக்கிறார்.  அப்புத்துரையின் விரல் அந்தக் கிரீடத்தின் மேலேயே இருந்தது. உன் அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, "கோப்பி ஆறுது, குடிங்க" என்றார்.

நம்பு மகனே. நானே பார்த்தேன்.

கல்யாணம் டிசம்பரில்தான், மாற்றமில்லை. ஷெரில் மறுபடி வீட்டில் பாடிக்கொண்டு திரிகிறாள். உனக்கு விடுமுறை கிடைக்காது என்று நீ சொன்னதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர் பிறந்த நாளுக்கு நீ ஆசையாக வாங்கி அனுப்பிய அந்த விமானி ஜாக்கெட்டை, பார்சல் பிரித்த சூட்டிலேயே போலி என்று வீடியோ அழைப்பில் உன் முகத்துக்கு நேரே சொன்னார். தப்புத்தான். அதற்காக நீ அவரோடு பேசுவதை நிறுத்தியதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ எனக்கு அழைக்கும்போதெல்லாம் அவர் பக்கத்தில் வந்து உட்காருவது என்னைத் திருத்துவதற்கு மட்டும் என்று நினைக்கிறாயா?

கட்டிலிலிருந்து அந்த வால் தகட்டை இறக்கச் சொல்லிவிட்டேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, இறக்கிவிட்டார். மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன்.

அன்னை மரியாள் உன்னைக் காப்பாளாக. வரும்போது அப்பாவுக்கு எதுவும் வாங்கிக்கொண்டு வராதே. நீ வா, அது போதும்.

உன் அம்மா,
கேத்தரின் பாக்கியசாமி