இரண்டு கொத்துத் தழை

பெருமாள்மலை,
18 மார்ச், செவ்வாய்க்கிழமை.

மகாதேவிக்குப் பாண்டியம்மாள் எழுதுவது.

நீ நலமாக இருப்பதை வீடியோவில் பார்த்துக்கொண்டேன். அதனால் விசாரிக்கவில்லை. நாலு முறை போன் செய்திருக்கிறாய், வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ அழுவாய், நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். பதினோரு வருஷப் பழக்கம் அப்படி. கடிதம் என்றால் நிறுத்தாமல் திட்டலாம்.

இங்கே பனி விட்டுவிட்டது. காட்டுப்பூவரசு போன மாதமே செக்கச்செவேலென்று பூத்துவிட்டது. சோலை மரங்களெல்லாம் தாமிர நிறத்தில் துளிர் விட்டிருக்கின்றன. சீகாரப் பூங்குருவி எங்கள் ஸ்கூல் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வந்து சீட்டியடிக்கிறது, பிள்ளைகள் யாரடா அது என்று ஒருவனையொருவன் முறைக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை நெருங்குவதால் இந்த மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ஸ்பெஷல் கிளாஸ். சோலைக்குப் போக முடியவில்லையே என்று உன்னிடம்தான் புலம்பினேன். அப்படிப்பட்ட ஞாயிறாகப் பார்த்து நீ வந்தாய். தற்செயலாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், மனசு ஒப்பவில்லை.

ஒன்பதாம் தேதி சாயங்காலம் சோலைக்காட்டு வாச்சர் இருளப்பன் மூச்சிரைக்க என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர், நல்லாருக்கீங்களா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, காட்டுமாடு முட்டிருச்சுன்னு சொன்னாங்க, கல்லுல ரெண்டு கொத்து கெடந்துச்சு, நீங்களும் அந்தம்மாவும்தான் உள்ள இருக்கீங்கன்னு நெனச்சேன் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன் என்றேன். அப்ப அந்த ரெண்டாவது கொத்தை யாரு வச்சாங்க என்று என்னையே கேட்டார்.

மூன்று நாள் கழித்துத்தான் பதில் கிடைத்தது. ஸ்டாஃப் ரூமில் சுகன்யா டீச்சர் போனை நீட்டி, இது உங்க ஃப்ரெண்டு தானே என்றாள். கோயம்புத்தூர் மலையேறும் குழுவின் வசந்தகால நடையாம். புதுத் தொப்பி போட்டுக்கொண்டு பதினாலு பேரை நீ கூட்டிப் போகிறாய். ஓடையில் நான் வழுக்கி விழுந்த பாறையைக் காட்டி, பாண்டியம்மா டீச்சர் பாறை என்று சொல்லி, நான் விழுந்தது போலவே கையைக் காலை உதறிக் காட்டுகிறாய். எல்லோரும் சிரிக்கிறார்கள். மகாதேவி, அன்றைக்கு என் கால் சுளுக்கியதும் நீதான் என்னைக் கைத்தாங்கலாக ரோடு வரை கொண்டுவந்தாய். அது வீடியோவில் இல்லை.

சரி, அதைக்கூட விட்டுவிடுகிறேன். சோலைக்குள் நுழைகிற இடத்தில் இருக்கும் தழைச்சாமி கல்லுக்கு வருகிறேன். முதல் நாள் இருளப்பன் நம்மை அந்தக் கல்லுக்கு முன்னால் நிறுத்திச் சொன்னது மறந்துபோயிற்றா? உள்ளே போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கொத்துத் தழை வைக்க வேண்டும், நம்முடையது காட்டுப்பூவரசுத் தழை, அதைப் பார்த்தால் உள்ளே இருப்பது நாம் இரண்டு பேர்தான் என்று அவருக்குத் தெரிந்துவிடும், வேறு ஒருவரையும் கூட்டி வரக் கூடாது. நாம் கையில் தழையோடு சரி என்று சொன்னோம். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அந்த மனுஷர் இத்தனை வருஷம் நம்மை விட்டார்.

நீ அந்த வழக்கத்தையும் அந்தப் பதினாலு பேருக்கு விளக்கிச் சொல்கிறாய். பிறகு ஒரு கொத்து வைத்துவிட்டு, இது எனக்கு என்கிறாய். இன்னொரு கொத்து வைத்து, இது இன்னைக்கு வர முடியாத என் தோழிக்கு என்கிறாய். வீடியோவுக்குக் கீழே எத்தனையோ பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாராட்டியிருக்கிறார்கள். பிரியத்தில்தான் செய்திருப்பாய். ஆனால் அந்த இரண்டு கொத்தைப் பார்த்துவிட்டு, நம்ம டீச்சரும் அந்தம்மாவும்தான் போயிருக்காங்க, பயமில்லை என்று இருளப்பன் மறுபக்கத்துச் சரிவுக்குப் போய்விட்டார். என் பெயரைச் சொல்லி அவரை ஏமாற்றிவிட்டாய்.

அந்நேரம் ஒற்றைக்கொம்பி கன்றோடு புல்வெளியில் நின்றிருக்கிறது. அஞ்சு வருஷமாக ஒவ்வொரு மாசியிலும் அந்தக் காட்டுமாட்டை மேட்டிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புவோமே, ஒருநாளாவது கீழே இறங்கியிருக்கிறோமா? உன் ஆட்கள் படம் எடுக்க இறங்கினார்கள். அது கன்றைக் காப்பாற்றப் பாய்ந்தது. சண்முகப்பிரியா என்ற காலேஜ் பெண்ணுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். வலியோடு, ஆன்ட்டி, அந்தக் கன்னுக்குட்டி நல்லா இருக்கா என்று கேட்டது அந்தப் பிள்ளை. நல்லா இருக்கு என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். ஃபாரஸ்ட்காரர்கள் வெடி போட்டு மந்தையை விரட்டினார்கள், கன்று எந்தப் பக்கம் போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

இருளப்பனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆட்களை உள்ளே விட்டார் என்று புகார். தினக்கூலி வாச்சர்தானே, அவருக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? அவர் பெண்சாதி வேலம்மா இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பூண்டுக் காட்டில் களை பறிக்கப் போகிறாள். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரேஞ்சர் முன்னால் விசாரணை. நடந்ததைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று இருளப்பனிடம் கேட்டேன். சொன்னா உங்க ரெண்டு பேரையும் உள்ள விட்டதையும் சொல்லணுமே டீச்சர், நீங்க சர்க்கார் சோலில இருக்கீங்க, அந்தம்மாவும் நல்ல எடத்துல இருக்காங்க, எதுக்கு வம்பு, யாரையும் தெரியாதுன்னே சொல்லிட்டு வந்துர்றேன் என்கிறார். உனக்குக் காதில் விழுகிறதா?

நான் போகப் போகிறேன். பதினோரு வருஷமாக அனுமதி இல்லாமல் உள்ளே போனவள் நான்தான், இருளப்பன் ஒரு டீகூட என்னிடம் வாங்கிக் குடித்ததில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஸ்கூலில் என்ன கேட்பார்களோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. அந்தக் கொத்துகளை வைத்தது யார் என்று ரேஞ்சர் கேட்டால், நான் வைக்கவில்லை என்பது வரைக்கும்தான் சொல்லுவேன். உன் பெயரை என் வாயால் சொல்லமாட்டேன். வீடியோவை முந்தாநாள் நீக்கிவிட்டாயாமே, சுகன்யா சொன்னாள். அதைக் கேட்டுத்தான் எனக்கு இந்தக் கடிதம் எழுதும் வேகம் வந்தது. தப்பை அழித்துவிடத் தெரிந்த உனக்கு, வந்து சொல்லத் தெரியாதா?

இன்னொன்று கேட்கிறேன், சிறுபிள்ளைத்தனம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. உங்கள் வேன் என் வீட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் அரை மணி நேரம் நின்றதாம். என் வாசல் அங்கிருந்து தெரியும். நீ ஏன் ஒரு எட்டு வரவில்லை? அன்று காலை ஏழரை வரை நான் வீட்டில்தான் இருந்தேன்.

ஞாயிறு ராத்திரி பஸ் பிடித்தால் வெள்ளென இங்கே இறங்கிவிடலாம். வந்தால் உன்னோடு பேசுவேனா என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் குளிக்க வெந்நீர் போட்டு வைப்பேன், சாப்பிடாமல் ரேஞ்சர் முன்னால் போய் நிற்க விடமாட்டேன். மலை இன்னும் குளிர்கிறது, ஸ்வெட்டர் எடுத்துக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், மகாதேவி. வந்துவிடு.

உன் தோழி என்று போட இன்று கை வரவில்லை,
பாண்டியம்மாள்.