முப்பத்தொன்பது நிமிடம் பிந்திய வாட்ச்

உன் வாட்ச் இன்று மாலைக்குள் நின்றுவிடும். நான் உட்கார்ந்திருக்கும் இந்தப் பின்பக்கத்துப் பால்கனியிலிருந்து பார்த்தால் அது தெரிகிறது. கூடத்துக்கு அந்தப் பக்கம் கண்ணாடி மாடத்தில் சீப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எழுந்து பத்து அடி வைத்தால் கைக்கு வந்துவிடும். ஆனால் நேற்று மத்தியானம் நான் தூரமாகிவிட்டேன். நாளை மறுநாள் காலையில் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் வரை ஒரு பாய், ஒரு சொம்பு, ஒரு தட்டு, இதுதான் என் ராஜ்யம். இந்தப் பென்சிலும் காகிதமும் எப்படியோ தப்பி வந்தவை. நாலாம் நாள் பென்சிலுக்கும் தண்ணீர் தெளிக்கச் சொல்வார் மாமியார்.

காலையில் டெல்லியிலிருந்து கார்டு வந்தது. மாமனார் கூடத்தில் நின்று உரக்கப் படித்தார். நீ இறந்து பதினாறு நாள் ஆகிவிட்டதாம். டைபாய்டு. நாலு வரியில் உன்னை முடித்துவிட்டு ஐந்தாவது வரியில் உன் அகத்துக்காரர் வாட்சுக்கு வந்துவிட்டார். ஜுர வேகத்தில் நீ ஏதோ உளறினாயாம். காணாமல் போன சின்ன வாட்சை உங்கள் வீட்டு மாட்டுப்பெண்ணிடம்தான் கொடுத்தேன் என்றாயாம். அது உண்மையானால், டெல்லிக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்பினால் சௌகரியமாக இருக்குமாம்.

"நாளைக்கு சாயங்காலம் கீழ் வீட்டுக்காரர் டெல்லிக்குப் போறார். இன்னிக்கு ஆபீஸ்லேர்ந்து வந்ததும் ஒரு டப்பாவிலே போட்டு அவர்கிட்ட குடுத்துடறேன்" என்றார் மாமனார். என்னைக் கட்டியவர் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வண்டியைப் பிடிக்க ஓடினார். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மாமியார் தட்டைத் தள்ளிவிட்டுப் போன பிறகு, சாதத்தைப் பிசையும்போதுதான் அழுதேன்.

நீ உளறினாய் என்பதை நான் நம்பவில்லை. நீ சொல்லியிருக்கிறாய். அதுவும் நிதானமாக, அவர் முகத்தைப் பார்த்து.

நம் மாட்டுங்கா கட்டடத்தின் வேடிக்கை நினைவிருக்கிறதா? எதிரெதிர் கதவு, நடுவில் நாலடி வராந்தா. ஆனால் இரண்டு வீட்டுக்கும் இரண்டு நேரம். மாமனார் முனிசிபாலிட்டி ஆபீஸ் என்பதால் எங்கள் சுவர்க் கடிகாரம் இந்த ஊரின் பழைய பாம்பே டைமைத்தான் காட்டும். உன் அகத்துக்காரர் ரயில்வே ஆபீஸ். உங்கள் வீட்டில் தேசம் முழுவதற்குமான ஸ்டாண்டர்ட் டைம். நாங்கள் முப்பத்தொன்பது நிமிடம் பின்னால். உங்கள் வீட்டில் எட்டரை என்றால் எங்கள் வீட்டில் ஏழு ஐம்பத்தொன்று. "உங்காத்துக்கு வந்துட்டா முப்பத்தொம்பது நிமிஷம் லாபம்டி. அதுக்குள்ள ஒரு காப்பி குடிச்சுட்டுப் போயிடலாம்" என்று அடுப்பைத் தணித்துவிட்டு ஓடி வருவாய்.

உங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரமே கிடையாது. ஒன்பது வாட்ச் இருக்கிற வீட்டில் அது எதற்கு என்பார் அவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழைய சாமான் விற்கும் சோர் பஜாருக்குப் போய்க் குடைந்து குடைந்து சேர்த்தவை. யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் விற்றுவிட்டுப் போன கறுப்பு முகத்து வாட்ச், சதுர வாட்ச், ரோமன் எண் போட்டது, விநாடிக்குத் தனி வட்டம் வைத்தது. வந்த சிநேகிதர்களிடம் பெட்டியைத் திறந்து காட்டுவதோடு அவர் வேலை முடிந்தது. மற்றதெல்லாம் உன் தலையில்.

ஆனால் நீ அதைத் தலைவிதியே என்று செய்யவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். பழைய மல்வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றாகத் துடைப்பாய். மழைக்காலத்தில் தோல் வார் பூசணம் பூத்துவிடும் என்று கழற்றி, வெயில் தலை காட்டிய அரை மணியில் பால்கனிக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிடுவாய். பெட்டிக்குள் ஈரம் சேராமலிருக்க வறுத்த அரிசியை முடிந்து வைப்பாய். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எது என்று சொல்வாய். கறுப்பு முகம் பட்டாளத்தான். இழுத்து இழுத்து ஓடும் சதுர வாட்ச் ஆஸ்த்துமா மாமா. எல்லாவற்றிலும் சிறியதான பெண்கள் வாட்சுக்கு மாட்டுப்பெண் என்று பெயர். காதோரம் கொண்டுபோனால்தான் அது இருப்பதே தெரியும் என்பாய்.

சாவி கொடுக்க எனக்கும் சொல்லிக் கொடுத்தாய். "கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலே வெச்சு மெள்ளத் திருகு. ஒரு இடத்திலே போறும்னு அதுவே சொல்லும். அதுக்கு முன்னாடி நிறுத்தினா பட்டினி. அதுக்கப்பறமும் திருகினா ஸ்ப்ரிங் போயிடும்."

"எங்க மாமியார் அப்படித்தாண்டி, போறும்னாலும் விட மாட்டார்" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் பட்டாளத்தான் தரையில் விழப் பார்த்தான்.

ஒன்பதில் ஒன்றைக்கூட நீ கட்டிக்கொண்டதில்லை. பொம்மனாட்டிக்கு எதற்கு மணி என்று ஒரு தரம் சொன்னாராம். அதோடு சரி.

அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. தினமும் காலை எட்டு மணிக்குச் சாவி கொடுத்தாக வேண்டும். ஒன்று நின்றாலும் உள்ளே எண்ணெய் உறைந்து வாட்ச் வீணாகிவிடும். இந்தச் சட்டத்தால் நீ செம்பூரில் நடந்த கல்யாணத்துக்குக்கூட முதல் நாள் போய்த் தங்க முடியவில்லை. அவர் ரயில்வே வேலையாக மாதக் கணக்கில் வெளியூர் லைனுக்குப் போவார். நீ ஒன்பது வாட்சுகளோடு வீட்டில் கிடப்பாய். கட்டிப் போட்ட மாட்டுக்காவது கயிறு தெரியும்.

உன் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று பாலக்காட்டிலிருந்து கடிதம் வந்தது அப்படியொரு சமயத்தில்தான். அவர் மறுநாள் லைனுக்குக் கிளம்ப இருந்தார். கேட்டாய். "நான் திரும்பி வந்தப்பறம் பார்க்கலாம். நீயும் போயிட்டா வாட்சையெல்லாம் யார் பார்த்துப்பா?" என்றார். கோபமாகக்கூட இல்லையாம், ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாராம். அதை என்னிடம் சொல்லும்போது உன் கை வாட்சைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் நம் தெருக் குடும்பம் ஒன்று பாலக்காடு கிளம்பியது. அவர் வர இன்னும் மூன்று வாரம். பதினைந்து நாளில் திரும்பிவிடலாம். வீட்டுச் சாவியை என் கையில் வைத்துவிட்டு என் விரலைப் பிடித்து எண்ணினாய். "உனக்கு எப்போ? இருபதாந்தேதிக்கு அப்பறம்தானே? நான் அதுக்குள்ள வந்துடுவேன்." அவர் சம்மதத்தோடுதான் நீ போகிறாய் என்று எங்கள் வீட்டில் சொல்லி வைத்தோம்.

பத்து நாள் ஒரு குறையும் இல்லை. தினமும் கோயிலுக்குப் போவதுபோல எட்டு மணிக்குப் போய்ச் சாவி கொடுத்துவிட்டு வந்தேன். பதினோராம் நாள் எனக்கு முன்கூட்டியே வந்துவிட்டது. இதே பால்கனி, இதே பாய். எதிர்வீட்டில் ஒன்பதும் ஒவ்வொன்றாக நிற்பதை நினைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். யாரிடம் சொல்வது? மாமியாரிடம் சொன்னால் அவர் போய் ஒன்பது ஸ்ப்ரிங்கையும் முறித்துவிட்டு வருவார்.

நாலாம் நாள் ஈரத் தலையோடு ஓடினேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. ஒன்பதுக்கும் சாவி கொடுத்தேன். ஒன்பதும் ஓடின. மணி திருத்த வேண்டுமே என்று திரும்ப எங்கள் வீட்டுக்கு ஓடி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒன்பதிலும் முள்ளை வைத்தேன். அந்த முப்பத்தொன்பது நிமிடத்தைக் கூட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை வருஷம் தினமும் சிரித்த விஷயம், அன்றைக்கு மறந்துவிட்டது.

நீ வந்த அன்று ரயில் தாமதம். ட்ரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நீ உலை வைப்பதற்குள் அவர் வந்து நின்றார். நாள் இருக்கையிலேயே வேலை முடிந்துவிட்டதாம். கால் கழுவுவதற்கு முன்னால் வாட்சுப் பெட்டியைத் திறப்பதுதானே அவர் வழக்கம்? ஒரு வாட்ச் பிந்தினால் அது வாட்சின் தப்பு. ஒன்பதும் ஒன்றுபோலப் பிந்தியிருந்தால் அது கையின் தப்பு. அதுவும் சரியாக முப்பத்தொன்பது நிமிடம்.

அவருடைய செருப்புச் சத்தம் வராந்தாவைக் கடந்து எங்கள் வாசலுக்கு வந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எதற்கு வருகிறார் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்கு முன் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உனக்கு ஜுரம், நான்தான் வந்து சாவி கொடுத்தேன் என்று ஒரே ஒரு பொய். மாமனார் எதிரில் எனக்கு நாக்கு எழவில்லை.

"மாமா, உங்காத்துக் கடியாரம் பாம்பே டைம்தானே?"

"பின்னே? சூரியன் என்ன டைமோ அதுதான் நம்மாத்திலே டைம்" என்றார் மாமனார் பெருமையாக. "ஏன், வாட்செல்லாம் தப்பா இருக்கா? அவ பாலக்காட்டுக்குப் போனாளோல்லியோ, எங்காத்து மாட்டுப்பொண்தான் பார்த்துண்டா. அண்டை அயல்னா ஒத்தாசைதானே."

"ஒத்தாசைதான்" என்றார் உன் அகத்துக்காரர். சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. ஒரு வாரத்தில் ஊரிலிருந்து தன் அக்காவை வரவழைத்து உனக்குக் காவல் வைத்தார். அடுத்த தடவை லைனுக்குப் போகும்போது வாட்சுப் பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார். உன் அம்மா போய்விட்டாள் என்று தந்தி வந்தபோது, 'அதான் ஏற்கெனவே பார்த்தாச்சே' என்று சொல்லி உன்னை அனுப்பவில்லை. பிறகு ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் இரண்டு நிமிடம் நின்று பேசினோம். நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன்.

"அம்மா என்னைத் தெரிஞ்சுண்டாடி. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா" என்றாய். பிறகு, "கார்த்தாலே எழுந்தா காதுக்கு ஒண்ணுமே இல்லை" என்றாய்.

டெல்லிக்கு மாற்றலாகி நீங்கள் வீட்டைக் காலி செய்த காலையில், நாத்தனார் குளிக்கப் போன சமயம் பார்த்து வந்தாய். முந்தானை முடிச்சை அவிழ்த்து மாட்டுப்பெண்ணை என் உள்ளங்கையில் வைத்தாய்.

"ஐயோ, ஒண்ணு கொறஞ்சா அவர் கேப்பாரேடி!"

"கேக்கட்டும்" என்றாய். "உங்காத்து டைம்தான் வெச்சிருக்கேன். நீ வேற மெனக்கெட்டுத் தப்பா வைக்க வேண்டாம்."

அதுதான் நீ என்னை மன்னித்த விதம். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொன்று உனக்குச் சொல்ல வேண்டும். கடிதத்தில் எழுதினால் நாத்தனார் பிரித்துப் படிப்பாள் என்று இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். கண்ணாடி மாற்ற மாட்டுப்பெண்ணைக் கிங்ஸ் சர்க்கிளில் வாட்ச் ரிப்பேர் செய்யும் கிழவரிடம் கொண்டுபோனேன். மாதத்தில் மூன்று நாள் நின்றுவிடுகிறதே, எண்ணெய் உறைந்துவிடுமா என்று கேட்டேன். அவர் பூதக் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சிரித்தார். "நின்னா என்ன பெஹன்? ஆராமா ஓய்வு எடுக்கும். சாவி குடுத்தா மறுபடி ஓடும்" என்றார்.

நின்றால் ஒன்றுமே ஆகியிருக்காது. கதவைப் பூட்டிக்கொண்டு நீ எத்தனை முறை வேண்டுமானாலும் போயிருக்கலாம். தெருவில் உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்க்காரருக்குத் தெரிந்தது, ஒன்பது வாட்ச் சேர்த்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அன்று கிங்ஸ் சர்க்கிளிலிருந்து வீடு வரைக்கும் இதையே யோசித்துக்கொண்டு நடந்தேன். இன்றும் அந்த யோசனை முடியவில்லை.

அதனால் இன்று வாட்ச் நின்றால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். மாதாமாதம் நிற்கத்தான் செய்கிறது, நாலாம் நாள் எழுப்புகிறேன். ஆனால் இந்த முறை நாலாம் நாள் அது டெல்லி வண்டியில் இருக்கும். மாமியார் மணையைத் தலைக்கு வைத்துக்கொண்டு கண்ணயர்ந்திருக்கிறார். பென்சிலைக் கீழே வைக்கிறேன்.

போய் வந்துவிட்டேன். பத்து அடி இல்லை, பன்னிரண்டு. எடுத்துக் காதோரம் வைத்தேன். மாட்டுப்பெண் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள். அங்கேயே நின்று, போறும் என்று அவள் சொல்லும் வரை சாவி கொடுத்தேன். மணிக்கட்டில் வாரை இழுத்துக் கட்டும்போது மாமியார் விழித்துக்கொண்டார்.

"ஐயையோ! உள்ளே வந்து தொட்டுட்டியேடி!"

"வாட்சை மட்டும்தாம்மா தொட்டேன்."

"அதைச் சாயங்காலம் குடுத்தாகணுமேடி. இப்போ உன் கையிலேர்ந்து யார் எடுப்பா?"

"யாரும் எடுக்க முடியாது."

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. டெல்லி வண்டி நாளை மாலை. நான் குளிப்பது நாளை மறுநாள் காலை. அதுவரை இந்த வீட்டில் ஒருவரும் என் கையைத் தொட மாட்டார்கள். என்னைக் கட்டிப் போட்ட சட்டம், முதல் தடவையாக எனக்குக் காவல் நிற்கிறது. அதற்குப் பிறகு கேட்டால், அப்போதும் தருவதாக இல்லை.

"உங்க மாமனார் வந்து கேப்பாரேடி" என்றார் மாமியார்.

"கேக்கட்டும்."

பாயில் வந்து உட்கார்ந்து இதை முடிக்கிறேன். உன் வாட்சில் மணி மூன்று பத்து. எங்கள் சுவர்க் கடிகாரத்திலும் மூன்று பத்து. மாமனார் வர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கட்டும். இந்தத் தடவை நான்தான் முதலில் பேசப்போகிறேன்.