முப்பத்தொன்றாம் தாள்

நவம்பர் 17, திங்கள்

காலையிலிருந்து தூறல். மாடம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் பெருங்களத்தூர் பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் புடவை முழுக்கச் சேறு.

எச்.எம். ஒருவழியாக மூன்று பி.டி. பீரியட் தந்துவிட்டார், 9-பிக்கு. பிள்ளைகளின் மனநலத்துக்கு மொத்தமே மூன்று வகுப்பு. நான் கணக்கு டீச்சர். ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்த பாவத்துக்கு இதுவும் என் தலையில். பயிற்சியில் ஒன்று மட்டும் பிடித்தது. இன்றைக்குத் தாங்க முடியாதது என்றைக்கும் அப்படியே இருக்காது, மனசும் மூளையும் மாறும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். நாம் உபதேசம் செய்யக் கூடாது. எனக்குக் கஷ்டம்தான்.

முதல் வகுப்பில் வந்த கேள்விகள்: "மிஸ், இது பரீட்சைக்கு வருமா?" "நோட்டுக்கு அட்டை போடணுமா மிஸ்?" "மழ நின்னா கிரவுண்டுக்கு வுடுவீங்களா?"

வாங்க: கோடு போடாத தாள், தோசை மாவு.

நவம்பர் 18, செவ்வாய்

மூட்டம். மனநல வகுப்பு, இரண்டாவது. ஆளுக்கு ஒரு தாள். மேல் பாதியில், மனசு நொந்த ஒரு நாள். கீழ்ப் பாதியில், அதே நிலையில் இருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நீ என்ன சொல்வாய்? பெயர் போடக் கூடாது. "யார் எழுதினதுன்னு எனக்கே தெரியாது, சத்தியம்" என்றேன். முப்பத்தொன்பது தலைகள் குனிந்தன. கணக்குப் பரீட்சையில்கூட இந்த அமைதி கிடையாது. லீடர் திவ்யா தாள்களை வாங்கி மேஜையில் வைத்தாள்.

மாலை காபியோடு உட்கார்ந்தேன். எட்டாவது தாளுக்குப் பின்னால் ஒரு துண்டுச் சீட்டு: "9 - ஆப்சென்ட்". எங்கள் பள்ளியில் எந்தத் தாளை வாங்கினாலும் ரோல் நம்பர்படி அடுக்கி, வராதவர்களுக்குச் சீட்டும் வைக்க வேண்டும். இந்த வகுப்பை அப்படிப் பழக்கியது யார்? நான்தான். திவ்யா சொன்னபடி கேட்கிற பெண்.

அப்போதே மூடி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. முப்பத்தொன்று:

"எல்லார் முன்னாடியும் மிஸ் உனக்கு கணக்கு வராது, பாஸானா போதும்னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதுலேர்ந்து கணக்கு பீரியட் வந்தாலே வயிறு வலிக்கும்."

கீழ்ப் பாதி காலி.

31, யுவஸ்ரீ. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கடைசி பெஞ்ச். மூன்று வருஷமாக இவர்களுக்குக் கணக்கு நான்தான், ஆகவே அந்த மிஸ்ஸும் நான்தான். சொன்னது நினைவே இல்லை. அதுதான் கேவலம்.

நவம்பர் 19, புதன்

கனமழை. விடுமுறை. மின்சாரம் இல்லை. துணி காயவில்லை.

இவரிடம் சொன்னேன். "பேரில்லாமத்தானே எழுதிச்சு? தெரியாத மாதிரி இருந்துடு, முடிஞ்சுது." இவருக்கு எல்லாமே சீக்கிரம் முடிந்துவிடும்.

தாள் ஒவ்வொன்றையும் நாலாக மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, வெளியே பென்சிலால் நம்பர் போட்டேன். மண்டைக்குள் போனதை ஸ்டேப்ளர் அடிக்க முடியாது. திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு. மன்னிப்பும் கேட்டாக வேண்டும்.

நவம்பர் 20, வியாழன்

மழை விட்டுவிட்டது. மாடிப்படியில் 9-பி பெண்கள் இரண்டு பேர், நான் பின்னால் வருவது தெரியாமல்:

"நம்பர்படி அடுக்கிக் குடுத்துட்டாடி திவ்யா. மிஸ்ஸுக்கு இந்நேரம் எல்லாம் தெரிஞ்சிருக்கும்."

"செத்தோம் போ. இனிமே எவ எழுதுவா?"

கணக்கு பீரியடில் யுவஸ்ரீ நிமிரவே இல்லை.

எச்.எம். கூப்பிட்டார். "மழை லீவுல ஒரு நாள் போச்சு. அரையாண்டு வருது, போர்ஷன் அப்படியே கெடக்கு. அந்த மூணாவது கிளாஸை விட்டுடுங்க டீச்சர்."

"முடியாது மேடம்" என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"அப்படி என்னத்த நடத்தப்போறீங்க?"

"ஒரு தப்பைத் திருத்தணும் மேடம். என்னோடது."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "நாளைக்கு நாலாவது பீரியட். அதோட சரி."

நவம்பர் 21, வெள்ளி

பளீரென்று வெயில். மனநல வகுப்பு, மூன்றாவது.

தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். "இதெல்லாம் நம்பர்படி வந்துச்சு. தெரிஞ்சும் படிச்சேன். சத்தியம் பண்ணிட்டுக் காப்பாத்தல. தப்பு என்னுது, திவ்யாவுது இல்ல. வெச்சுக்கிட்டாலும் சரி, கிழிச்சாலும் சரி."

நானும் ஒரு தாள் எழுதி வந்திருந்தேன், என் பெயர் போட்டே; பிறகு அதை வாசித்தேன். "ஒரு பிள்ளைகிட்ட எல்லார் முன்னாடியும் உனக்குக் கணக்கு வராதுன்னு சொன்னேன். அது பொய். அன்னிக்கு எனக்குப் பொறுமை வரல, அதான் நிஜம். மன்னிச்சிடு." கடைசி பெஞ்ச் பக்கம் பார்க்காமல் இருக்க ஜன்னலைப் பார்த்தேன். பெல் அடித்தது.

மதியம் ஸ்டாஃப் ரூம் வாசலில் திவ்யா. கணக்கில் தொண்ணூறுக்குக் குறையாதவள். "ஏழாவதுல என்கிட்ட சொன்னீங்களே மிஸ், அதையா சொன்னீங்க?" அவள் பின்னால் இரண்டு பையன்கள்: "எனக்குத்தானே மிஸ் அது?" "டேய், அது எனக்குடா." அப்புறம் இன்னும் மூன்று பேர். ஒன்றுகூட நினைவில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன். டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஏழாவதாக யுவஸ்ரீ. தூணுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"நான் எனக்கு மட்டும்தான்னு நெனச்சிகினு இருந்தேன் மிஸ். இத்தினி பேருக்கா?"

சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

திங்கள் காலை எட்டேகால், பள்ளி தொடங்கும் முன் தனி வகுப்பு: 9-பி, ஏழு பேர். அல்ஜீப்ரா முதலிலிருந்து. சாக்பீஸ் யுவஸ்ரீ கையில். அவள் கணக்கைப் போட்டு முடிக்க எவ்வளவு நேரம் ஆனாலும் நான் வாயைத் திறக்கப்போவதில்லை.