மதகடியில் அடித்த ஹோன்

2024 யூன் 4

இன்று முப்பத்தாறு முட்டை ரொட்டி. மதகடியில் ஹில்மி இரண்டு தரம் ஹோன் அடித்தான். இரண்டு தரமென்றால் பஸ் நிறைய ஆள், ஒரு தரமென்றால் பாதி பஸ். சத்தம் கேட்டதும் நான் முட்டையை உடைப்பேன், அன்னப்பிள்ளை அக்கா தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்குவா. யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் போகிற சனத்துக்கு இந்த இலுப்பைக்கடவையில் பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் எங்கள் சீவியம்.

ஹில்மி என் கடைசித் தம்பி. உம்மா மௌத்தான பிறகு நான் வளர்த்தவன். அவன் பஸ் ஓட்டத் தொடங்கியதிலிருந்து வேறு கடையில் நிற்பாட்டியதில்லை.

யூன் 9

மூன்று கட்டை தூரம் தள்ளிப் புதுப் பெற்றோல் செட். அதோடு சேர்த்துப் பெரிய சாப்பாட்டுக் கடையும் திறந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு, கக்கூசெல்லாம் டைல்ஸ். இனி அங்கேதான் நிற்பாட்ட வேண்டும் என்று பஸ் முதலாளி சொல்லிவிட்டாராம்.

"ராத்தா, நான் என்ன செய்ய? மாட்டனெண்டால் நாளைக்கே வேற டிரைவரைப் போட்டிடுவார்."



யூன் 10

பஸ் போய்விட்டது. ஹோனும் இல்லை.

யூன் 13

இந்தக் கடை பார்க்காத கூத்தா? வாப்பா சாஹுல் ஹமீட் 78இல் கிடுகுக் கொட்டிலாகப் போட்டது. தொண்ணூறில் முஸ்லிம் சனம் எல்லாரையும் இயக்கம் வெளியேறச் சொன்ன நேரம் அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கி வைக்கக்கூட நேரமில்லை. புத்தளத்தில் அகதியாய் இருபது வருஷம். இங்கே முதலில் இயக்கப் பெடியள் இருந்தார்கள், பிறகு ஆமி மண்மூட்டை அடுக்கிக் காவல் சென்றி போட்டது.

2011இல் காணி உறுதிப் பத்திரமும் கையுமாய் வந்து இறங்கினேன். கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே ஒரு மனுசி தேத்தண்ணி விற்றுக்கொண்டிருந்தா. புருஷனைச் சண்டையில் பறிகொடுத்தவ. பக்கத்தில் எட்டு வயது மகள் தக்சிகா. அவதான் அன்னப்பிள்ளை அக்கா. நான் உறுதியை விரிக்கவுமில்லை. அதற்குள் அவ எழும்பி, கேத்தலை என் கையில் தந்தா. "இந்தாங்கோ பிள்ளை, உங்கட இடம்."

நான் அவவைப் போக விடவில்லை. பதின்மூன்று வருஷமாய் ஒரே அடுப்பு.

யூன் 17

ஹஜ்ஜுப் பெருநாள். ஹில்மி வந்தான். வட்டிலப்பம் வைத்தேன். நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பாதியில் எழும்பிப் போனான்.

யூலை 2

இரண்டு ஹோன்!

யா அல்லாஹ், எனக்குக் கைகால் ஓடவில்லை. தம்பிக்கு மனம் வந்துவிட்டது என்று இருபது முட்டையை உடைத்துவிட்டேன். அக்கா கேத்தலோடு வாசலுக்கே ஓடினா. பஸ் எங்களைத் தாண்டிப் போனது. மதகடியில் மாடு நின்றதாம். மாட்டுக்கு அடித்த ஹோன்!

வாசலில் கேத்தலோடு நின்ற அக்காவைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னேரம் போனில் கத்தினேன். "இனி அந்த மதகடியில மாடு நிண்டாலென்ன, மனுசர் நிண்டாலென்ன, ஹோன் அடிச்சியெண்டால் எனக்குத் தம்பியே இல்லை. போறதெண்டால் சத்தம் போடாமல் போ!"

"சரி ராத்தா" என்றான். அவ்வளவுதான்.

யூலை 19

 காலையில் அக்கா வழமைபோல எதிர்ப்பக்கக் கிணற்றில் தண்ணீர் அள்ளப் போனா. மதகடியில் றோட்டைக் கடக்கும்போது ஹில்மியின் பஸ்... ஹோன் இல்லை. பிறேக் சத்தம் மட்டும்தான். வாளி கடை வாசல் வரை உருண்டு வந்தது.

"ஏன் ஹோன் அடிக்கேல்ல?" என்று பொலிஸ் கேட்டது. ஹில்மி என்னைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான்.

"மறந்துபோனன் சேர்."

நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில்தான் நின்றேன், திறக்கவில்லை. நானும் ஒரு மனுசியா?

யூலை 21

மன்னார் ஆஸ்பத்திரி. ஹில்மியைப் பிடித்து மறியல் கம்பிக்குள் போட்டுவிட்டார்கள். அக்காவிடம் சொல்லிவிட்டேன். "அக்கா, அவன் மறக்கேல்ல. நான்தான்..."

"தெரியும் பிள்ளை. நீங்கள் போனில கத்தேக்க நான் பக்கத்திலதானே மாக் குழைச்சுக்கொண்டு நிண்டனான்." மூச்சு வாங்கினா. "தெரிஞ்சும் என்ன? இவ்வளவு காலமும் காதாலதானே றோட்டைக் கடந்தனான். பாவம் பெடியன், உள்ளுக்க கிடக்க விட்டிடாதேங்கோ."

யூலை 24

அக்கா போய்விட்டா.

ஓகஸ்ட் 6

பொலிசில் போய்ச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். மறியலில் ஹில்மி என்னோடு சண்டை பிடித்தான். "நான் என்ன சின்னப் பிள்ளையா ராத்தா? ஸ்டியரிங் என்ர கையிலதானே இருந்தது. ஏன் போய்ச் சொன்னீங்கள்?" கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன். அவனும் அழுதான்.

பிறகு மன்னாரில் தக்சிகாவிடமும் போய்ச் சொன்னேன். ஹில்மி பஸ் ஓட்டத் தொடங்க முன்னமே அங்கே படிக்கப் போனவள். முழுவதையும் கேட்டாள். எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் வெளியில் நின்றேன்.

செப்டெம்பர் 15

ஹில்மி பிணையில் வந்திருக்கிறான். சைக்கிள்கூட ஓட்ட மாட்டேன் என்கிறான்.

பகல் தக்சிகா கடை வாசலுக்கு வந்தாள். உள்ளே கால் வைக்கவில்லை. "அம்மாட சீலை ஒண்டு இஞ்ச கிடக்கோ?" என்று கேட்டாள். சீலையை மடித்து எடுத்தேன். கேத்தலையும் எடுத்தேன். அவளை நான் நீ என்றுதான் கூப்பிடுகிறது. இன்று வாய் அப்படி வரவில்லை.

"இந்தாங்கோ பிள்ளை, உங்கட இடம்."

சீலையை மட்டும் வாங்கிக்கொண்டாள். "அப்ப நீங்கள்?"

"நான் தண்ணி அள்ளுறன்."

கேத்தலை வாங்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 11

காலையில் நாலு வாளி தண்ணீர். மதகடியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடக்கிறேன். இப்போது லொறிக்காரர்தான் கடைக்கு வருகிறார்கள். தக்சிகாவின் தேத்தண்ணியில் சாயம் கொஞ்சம் கூடுதல்.

பத்து மணிக்கு யாழ்ப்பாண பஸ் வந்தது. ஓட்டுகிறது புது டிரைவர். மதகடியில் இரண்டு தரம் ஹோன் அடித்தான். நான் வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். பஸ் கடையைத் தாண்டிப் போனது. தக்சிகா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இரண்டு ஹோனுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லிக் கொடுக்கவுமில்லை.