அசனத்துக்கு வராதே

பாளையங்கோட்டை,
25.08.2025

பிரியமுள்ள அத்தானுக்கு,

யூனிஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். நீங்களும் பிள்ளை ஜெனோவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நம் வீட்டு அடுப்பங்கரைக்குத் தனியாக ஒரு ஜெபம்.

கையில் போனை வைத்துக்கொண்டு இது என்ன கடுதாசி என்று கேட்பீர்கள். போனில் நாம் பேசுவதெல்லாம் ஒரு பேச்சா? "சாப்பிட்டியா" என்று நீங்கள் கேட்டு முடிக்கும் முன்னே ஜெனோ பிடுங்குகிறாள். பிடுங்கியதும் அழுகிறாள். அவள் அழுதால் எனக்கும் அழுகை வருகிறது. "ஏட்டி, ரெண்டு பேரும் போனை வைங்கட்டி" என்று நீங்கள் சத்தம் போடுகிறீர்கள். அதனால் முக்கியமானதை இனி எழுதிவிடுவது என்று முடிவு. காலை பஸ்ஸில் நீங்கள் சாப்பாடு கொடுத்துவிடுகிற கட்டைப்பை, சாயங்காலம் காலித் தூக்குவாளியோடு களக்காட்டுக்குத் திரும்புகிறதே, அதில் கடிதமும் வரும். கண்டக்டர் ஷிபின் தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

முக்கியம் இதுதான். சட்டக் கல்லூரியில் வருகைப்பதிவுக் கணக்கு ஒட்டிவிட்டார்கள். நாள் குறைந்தவர்கள் நவம்பர் பரீட்சை எழுத முடியாது. ஒரு வருஷம் போய்விடும். குறைந்தவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை, ஆனால் அதற்கு வாசலில்தான் நிற்கிறேன். ஜெனோவுக்குப் பல்வலி, உங்கள் பெரியப்பா அடக்கம், உங்கள் அக்கா ஸ்வீட்லின் மைனி மகள் நிச்சயம் என்று ஓடி ஓடி வந்ததெல்லாம் அங்கே குறைந்திருக்கிறது. செப்டம்பர் கடைசியில், பரீட்சை எழுதலாம் என்பவர்களின் இறுதிப் பட்டியல் போடுவார்கள்.

எனக்கு முப்பத்தாறு வயது. பாடம் நடத்துகிறவரே என்னைவிடச் சின்னவர், என்னிடம் கேள்வி கேட்க வேண்டுமானால் அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. நாங்குநேரி ஆபீஸில் வக்கீல் சொல்லச் சொல்ல டைப் அடித்தது போதும், இனி நான் சொல்ல இன்னொருவர் அடிக்கட்டும் என்று கிளம்பினேன். விண்ணப்பம் வாங்கி வந்ததே நீங்கள்தான். ஒரு வருஷம் போனால் மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை அத்தான், விட்டுவிடுவேன். ஆகவே சனி ஞாயிறு தவிர என்னைக் கூப்பிடாதீர்கள்.

சொதியில் உப்பு இல்லை. நேற்று அள்ளிப் போட்ட உப்பு இன்றைய சொதிக்குக் கணக்காகாது.

அன்புடன்,
யூனிஸ்


களக்காடு,
01.09.2025

வருங்கால வக்கீலம்மா யூனிஸ் அவர்களின் சமூகத்துக்கு,

ஜாஸ்பர் பணிவோடு எழுதிக்கொள்வது. எழுதிப் பழக்கம் விட்டுப் போயிற்று. நம் கல்யாணத்துக்கு முன்னே உனக்கு எழுதியதோடு சரி. அப்போதும் பாதி என் சிநேகிதன் எழுதியது.

ஓணத்துக்கு ஏத்தன் வாழைத்தார் முழுக்க லாரி ஏறிவிட்டது. தோட்டத்தில் இப்போது சத்தமே இல்லை. ஜெனோவுக்கு நானே தலை பின்னுகிறேன். வாழைத்தார் கட்டுகிற கை, கொஞ்சம் இறுகிவிட்டது. பிள்ளைக்குப் புருவம் மேலே ஏறி, பார்க்கிறவர்களையெல்லாம் ஆச்சரியமாகப் பார்க்கிற மாதிரி பள்ளிக்கூடம் போனாள். டீச்சர் அவிழ்த்துப் பின்னி அனுப்பினார்கள்.

வருகைப்பதிவு என்று பயப்படாதே. நீ படிக்கிற பிள்ளை, உன்னை விட்டுவிடுவார்களா என்ன.

ஒரு விஷயம். நேற்று முதல் ஜெனோவுக்கு உடம்பு கதகதவென்று இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. அம்மா அம்மா என்கிறாள். நீ புதன்கிழமை ஒரு எட்டு வந்துவிட்டுப் போனால் தேவலை.

இன்னொன்று, நல்ல சேதி. இந்த வருஷம் கோயில் பிரதிஷ்டை அசனத்துக்கு நம் வீட்டு முறை. இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை. காலை ஜெபம் முடிந்ததும் முறைவீட்டுப் பெண் உட்கார்ந்து முதல் காயை நறுக்கினால்தான் மற்றவர்கள் அரிவாமணையைத் தொடுவார்கள், உனக்குத் தெரியாததா. மதியம் அசனச் சோறு, ஊர் முழுக்க ஒரே பந்தி. ஸ்வீட்லின் அக்கா இப்போதே உனக்குச் சேலை எடுத்துவைத்துவிட்டாள்.

உன்
ஜாஸ்பர்


பாளையங்கோட்டை,
08.09.2025

பிரியமுள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். கோபமாகத்தான் எழுதுகிறேன், நடுவில் சிரிப்பு வந்தால் நான் பொறுப்பில்லை.

போன புதன்கிழமை பதறி அடித்து வந்தேனே, இப்போது குறுக்கு விசாரணை. நான் வந்தபோது ஜெனோவின் நெற்றி மண்பானை மாதிரி குளிர்ந்து கிடந்தது. காய்ச்சல் மருந்து பாட்டிலின் மூடி இன்னும் திறக்கப்படவே இல்லை. திங்கள்கிழமை பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்ததாகப் பிள்ளையே என்னிடம் சொன்னாள். காய்ச்சல்காரி எப்படி ஓடினாள்? நான் வந்த அன்று மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டது யார்? காய்ச்சல் ஜெனோவுக்கா, ஜெனோ அப்பாவுக்கா?

என் அறைத்தோழி ஸமீஹாவிடம் சொன்னேன். உருண்டு புரண்டு சிரித்தாள். "யக்கா, ஒங்க வீட்டுக்காரர் பாவம்க்கா" என்கிறாள். பாவம்தான். ஆனால் குறைந்தது என் நாள்.

வகுப்பில் ஒன்று படித்தோம். கோர்ட்டில் ஒரு தரப்பு வராமலே இருந்துவிட்டால், வந்தவர் சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதிவிடலாமாம். எக்ஸ்பார்ட்டி என்பார்கள். நான் இங்கே உட்கார்ந்திருக்க, நம் வீட்டில் எல்லாத் தீர்ப்பும் அப்படித்தான் நடக்கிறது. அசனத்துக்கு நான் வருவதாக அக்காவிடம் ஒப்புக்கொண்டது யாரைக் கேட்டு? அன்றைக்குத்தான் எங்களுக்கு மாதிரி நீதிமன்றம். முதல் முறையாக நான் எழுந்து வாதாட வேண்டும்.

பதில் எழுதுங்கள். பொய் வேண்டாம்.

யூனிஸ்


களக்காடு,
10.09.2025

என் யூனிஸுக்கு,

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். காய்ச்சல் எனக்குத்தான். தெர்மாமீட்டரில் ஏறாத காய்ச்சல்.

சத்தியமாகச் சொல்கிறேன், நீ இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டத்திலிருந்து வந்தால் கதவைத் திறக்கவே மனசு வரமாட்டேன் என்கிறது. ஜெனோ சமாளித்துக்கொள்கிறாள். நான்தான் சமாளிக்கவில்லை. "எப்பா, அம்மா படிக்கத்தான போயிருக்காவ, நீங்க ஏன் மொகத்த இப்படி வச்சிருக்கிய?" என்று அவளே என்னைக் கேட்கிறாள்.

இனிக் காய்ச்சல் வராது. ஆனால் அசனம் வேறு. முறை திரும்பி நம் வீட்டுக்கு வர எத்தனை வருஷம் ஆகுமோ. அன்று நீ இல்லையென்றால் சபையில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அந்த ஒரு நாள் மட்டும் வந்துவிடு. உன் வாத்தியாரிடம் நான் வேண்டுமானால் ஒரு செவ்வாழைத்தாரோடு வந்து பேசுகிறேன்.

ஜாஸ்பர்


பாளையங்கோட்டை,
16.09.2025

அத்தானுக்கு,

செவ்வாழைத்தாரோடு வந்தால் லஞ்சம் என்று உங்களைத்தான் பிடிப்பார்கள்.

நேற்று மைனி போன் செய்தார்கள். "வக்கீலுக்குப் படிக்கப் போனவளுக்கு கோயிலும் வேண்டாம், குடும்பமும் வேண்டாம்னு ஆயிட்டு போல. ஒன் தம்பி பொண்டாட்டி வருவாளா வரமாட்டாளான்னு கேக்கவளுக்கெல்லாம் நான் என்னத்தச் சொல்லுதது?" என்றார்கள். பின்னால் ஜெனோ குரல் கேட்டது. "எங்கம்மா கண்டிப்பா வருவாவ அத்தை, அம்மாதான மொதக் காய் வெட்டணும்." அந்தக் குரலுக்கு அப்புறம் எனக்குப் படிப்பு ஓடவில்லை.

கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். இருபத்தாறாம் தேதி வராவிட்டால் என் பெயர் பட்டியலில் இருக்காது. அவ்வளவு விளிம்பில் நிற்கிறேன்.

யோசித்துவிட்டேன். அசனத்துக்கு வருகிறேன். பெட்டியையும் எடுத்துக்கொண்டே வந்துவிடுகிறேன். இங்கே இருந்தால் வீட்டு ஞாபகம், வீட்டுக்கு வந்தால் பாட ஞாபகம். இரண்டு இடத்திலும் பாதிப் பாதியாக இருந்து அலுத்துவிட்டது. உங்கள் மேல் கோபமில்லை. நாங்குநேரி ஆபீஸில் இன்னும் ஆள் போடவில்லை என்று கேள்வி.

மாதிரி நீதிமன்றத்துக்கு எழுதிவைத்ததை ஸமீஹாவிடம் கொடுத்தேன். அவள் வாங்க மறுத்துவிட்டாள். மேசைமேல் கிடக்கிறது.

யூனிஸ்


களக்காடு,
17.09.2025

யூனிஸ்,

அசனத்துக்கு வராதே.

நேற்று உன் கடிதத்தை ரதவீதிக் கடை முன்னால் நின்றுகொண்டே வாசித்தேன். கடைக்கார அண்ணாச்சி "என்ன வே, கடுதாசியப் படிச்சிட்டு மூஞ்சி செத்துப் போச்சு?" என்றார். விண்ணப்பம் வாங்கி வந்தவனும் நான், உன் நாட்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தின்றவனும் நான். உன் பெட்டி இந்த வீட்டு வாசலில் வந்து இறங்கினால் அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி இருப்பேன்?

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"யூனிஸ் வரமாட்டா. நம்ம வீட்டு முறைக்கு நான் வாரேன்" என்றேன்.

"நீ வந்து?"

"காய் நறுக்குதேன்."

"கிறுக்கு புடிச்சிட்டாலே ஒனக்கு? அம்புட்டும் பொம்பளையாளுவ. நீ எங்கன உக்காருவ?"

"அவ உக்காருத எடத்துல."

அக்கா அரை மணி நேரம் ஏசினாள். ஏசி முடித்து ஒரு செம்பு மோர் கொடுத்தாள். குருவானவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, முறை வீட்டுக்குத்தானே, வீட்டில் யார் வந்தால் என்ன என்றார். ஜெனோவிடமும் சொன்னேன். கொஞ்சம் அழுதாள். பிறகு, "எப்பா, ஒங்களுக்கு அரிவாமணையில உக்காரத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காய் எடுத்துக்கொடுக்க அவளும் வருவதாக ஒப்பந்தம்.

இது எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. எதிர்தரப்பு இங்கே இல்லாததால் வந்தவன் சொன்னதுதான் தீர்ப்பு. மேசைமேல் கிடப்பதை எடுத்துப் படி. பரீட்சை முடியும்வரை நீ களக்காட்டுக்கு வர வேண்டாம், ஞாயிறுதோறும் நானும் பிள்ளையும் அங்கே வருகிறோம். எனக்குச் சோறு இறங்காவிட்டால் கஞ்சி குடித்துக்கொள்கிறேன்.

உன்
ஜாஸ்பர்


களக்காடு,
26.09.2025

யூனிஸுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், ஷிபின் தம்பி விசில் அடித்துக்கொண்டிருக்கிறார். அசனச் சோறும் சாம்பாரும் பெரிய தூக்குவாளியில் இருக்கிறது. விடுதிப் பிள்ளைகளுக்கும் கொடு.

முதல் காய் நான்தான் நறுக்கினேன். உட்கார்ந்ததும் ஒரே கொல்லென்று சிரிப்பு. "அண்ணாச்சி, பைய, வெரல நறுக்கிராதிய, சாம்பார் சைவம்" என்று ஒருத்தி. "ஜாஸ்பரு, அடுத்த வருசம் எங்க வீட்டுக்காரரையும் பழக்கி விடு" என்று ஒரு பெரியவள். அக்கா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். யாரோ உன்னைப் பற்றி என்னவோ முணுமுணுக்க, "என் தம்பி பொண்டாட்டி கோர்ட்ல பேசிட்டிருக்கா, நீ காய வெட்டு" என்று சொன்னாளே பார்க்கலாம்.

ஜெனோ காய் எடுத்துக்கொடுத்தாள். கத்தரிக்காய் அத்தனையும் ஒரே அளவாக நறுக்கினேன். மெச்சினார்கள்.

நீ நன்றாகப் பேசினாயா? நாள் பூரா அதே நினைப்பு.

ஜாஸ்பர்


பாளையங்கோட்டை,
27.09.2025

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

கோடி ஸ்தோத்திரம்.

முதலில் பட்டியல். நேற்று சாயங்காலம் ஒட்டினார்கள். பார்க்கப் பயந்து ஸமீஹாவை அனுப்பினேன். அவள் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தாள். என் பெயர் இருக்கிறது. பரீட்சை எழுதலாம். நேற்று ஒரு நாள் வராமல் இருந்திருந்தால் இல்லை.

பேசினேன். நீதிபதியாக எதிரே உட்கார்ந்திருந்தவர் "எதிர்தரப்பு இல்லாதபோது எழுதிய தீர்ப்பு நியாயமாக இருக்க முடியுமா?" என்று கேட்டார். எனக்கு உங்கள் கடிதம் ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. "சில சமயம் இருக்கும் ஐயா" என்று சொன்னேன். அது சட்டப்படி சரியான பதில் இல்லை. மற்றதெல்லாம் சரியாகச் சொன்னேன், நன்றாக இருந்தது என்றார்கள்.

பஸ் ஸ்டாண்டில் தூக்குவாளியை வாங்கும்போதே சாம்பார் மணம். விடுதியில் எல்லாரும் தட்டோடு சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கரண்டியை விட்டுக் கலக்கினால் அடியிலிருந்து ஒரு கத்தரிக்காய் எழுந்து வந்தது. துண்டு என்று சொல்ல முடியாது, அரைக் காய். காம்புகூடப் போகவில்லை. "யக்கா, என்னக்கா இது, நறுக்குனவங்க தூங்கிட்டாங்களா?" என்றாள் ஸமீஹா.

ஒரே அளவாக நறுக்கினேன் என்று எழுதியிருந்தீர்கள்.

தாரை ஒரே வீச்சில் வெட்டுகிற கை எது என்று எனக்குத் தெரியாதா? சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். அப்படியே அழுகை வந்துவிட்டது. பிள்ளைகளெல்லாம் பயந்துபோனார்கள். சோற்றையும் சாம்பாரையும் எல்லாருக்கும் பங்குவைத்தேன். அந்தக் கத்தரிக்காயை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

பெட்டியைத் திரும்பக் கட்டிலடியில் தள்ளிவிட்டேன். நாளை ஆராதனை முடிந்ததும் ஜெனோவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தலை பின்னாமல் கூட்டி வாருங்கள், நான் பின்னுகிறேன். மைனிக்கு என் அன்பு.

உங்கள்
யூனிஸ்

பி.கு.: கத்தரிக்காய் நடுவில் வேகவில்லை அத்தான். முழுவதும் சாப்பிட்டேன்.