வேன் காலியாகத் திரும்பிய மதியம்

சார்,

இன்று காலை மருந்துக்கடையிலிருந்து, அம்மைக் கொப்புளத்துக்குப் பூசும் கலமைன் பாட்டில் ஒன்று வாங்கி வந்தேன். மூடியைத் திருகியதும் ஈரச் சுண்ணாம்பு மாதிரி ஒரு மணம் வார்டன் அறையில் பரவியது. உடனே உங்கள் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ரோஸ் நிற மருந்தைத் திட்டுத்திட்டாகப் பூசிக்கொண்டு செல்போன் வீடியோவில் நீங்கள் முறைத்த முகம். சிரித்துவிட்டேன். இறந்துபோனவரை நினைத்துச் சிரிக்கிறாளே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐப்பசியில் நீங்கள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்று கேட்டதிலிருந்து உங்களை நினைத்து அழத்தான் செய்தேன். சிரித்தது இன்றைக்குத்தான்.

கம்பெனியில் நீங்கள் எச்.ஆர். ஆபீசர். நான் வல்லம் வடகாலில் அந்தக் கம்பெனிப் பெண்கள் தங்கியிருக்கும் ஹாஸ்டலுக்கு வார்டன். ஆரம்பத்தில் உங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. வந்தால் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டாமல் போகமாட்டீர்கள். விளக்கை அணை, குழாயை மூடு, பால்கனியில் துணி காயப்போடாதே. பெண்கள் உங்களுக்கு 'நோட்டீஸ் சார்' என்று பெயர் வைத்தார்கள். வைத்தது அவர்கள், ஊரெல்லாம் பரப்பியது நான்.

அந்தக் கோடையில் மூன்றாம் மாடியில் அம்மை வந்தது. எங்கள் வீட்டில் அம்மை என்றால் புனித செபஸ்தியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுவோம். தெற்கேயிருந்து வந்த பெண்கள் வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். ஆனால் அந்த முறை ஒரு கதவிலும் வேப்பிலை இல்லை. தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கட்டினால் விஷயம், அவர்களை வேலைக்குச் சேர்த்துவிட்ட கான்ட்ராக்டர் காதுக்குப் போகும். அம்மை கண்ட பெண்ணை அவர் ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார், கையோடு அவள் பெயரையும் அடித்துவிடுவார். எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான் நடக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் உடம்பு சுட்டாலும் வேலைக்குப் போனார்கள். தூசி படக்கூடாது என்று கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிற அசெம்பிளி லைன் அது. உள்ளே கொப்புளம் இருந்தால் யாருக்குத் தெரியும்? ஹாஸ்டலில் அதைவிட மோசம். காலை ஷிஃப்டுக்கு ஒருத்தி எழுந்துபோன கட்டிலில், வேலை முடிந்து வந்த இன்னொருத்தி அந்தச் சூடு ஆறுமுன் படுப்பாள். போதாததற்கு, அம்மா வந்திருக்கிறாள் என்று பயபக்தியோடு ஒவ்வொருத்தியாக இளநீர் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நோய்க்கு வேறென்ன வேண்டும்?

முத்துலட்சுமிக்குப் புருவத்தின் மேலேயே ஒரு கொப்புளம் வந்துவிட்டது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பயிற்சிக் காலம் முடிகிற நேரம். முடிந்தால் கம்பெனியே நேரடியாக வேலைக்கு எடுத்துக்கொள்ளும் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தாள். சூப்பர்வைசர் அந்தக் கொப்புளத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார். மறுநாள் மதியம், ஒரு ஷிஃப்ட் போய் இன்னொரு ஷிஃப்ட் வராத வெறிச்சென்ற நேரத்தில், கான்ட்ராக்டரின் வேன் வாசலில் வந்து நின்றது.

"அக்கா, அந்தப் பொண்ணைப் பையோட கீழ அனுப்பு. இங்கியே இருந்தா எல்லாருக்கும் பேஜாரு" என்றான் வேனோடு வந்தவன்.

முத்துலட்சுமி பையைக் கட்டிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல்தான் உங்களைக் கூப்பிட்டேன், சார். நீங்கள் வந்து இன்னொரு நோட்டீஸ் ஒட்டுவீர்கள் என்றுதான் நினைத்தேன்.

பைக்கில் வந்தீர்கள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டீர்கள். உங்களுக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததில்லையாம், உள்ளே வரப் பயம். கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு வேனுக்கு முன்னால் நின்று மேனேஜருக்குப் போன் போட்டீர்கள். அவர் முதலில் கத்தினார். ஆர்டர் நிற்கிறது, விஷயம் வெளியே போனால் லைனை மூடுவார்கள், ஒரு பெண்ணை ஊருக்கு அனுப்ப உனக்கென்ன கஷ்டம் என்றார். அவர் குரல் என் காது வரை கேட்டது.

"சார், தொத்து நோய்னு தெரிஞ்சும் மறைச்சா, நாளைக்குக் கான்ட்ராக்டர் வந்து பதில் சொல்ல மாட்டார். நாமதான் சொல்லணும்" என்றீர்கள். "பஸ்ல பக்கத்துல உக்கார்றவங்களுக்கும் நாமதான் பொறுப்பு. நான் ஹெல்த் ஆபீசுக்குத் தகவல் குடுக்கப் போறேன். என்னை எடுக்கறதா இருந்தா அப்புறம் எடுங்க."

ஈ.எஸ்.ஐ. டாக்டர் எழுதிக் கொடுக்கும் சிகிச்சை விடுப்பில் இருப்பவளை வேலையிலிருந்து எடுக்கக் கூடாது என்றும், கான்ட்ராக்ட் பெண் என்பதால் கம்பெனி ஒதுங்கிக்கொள்ள முடியாது என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னீர்கள். அவர் கடைசியில் ஒத்துக்கொண்டார் போல, நீங்கள் போனை வைத்துவிட்டு வேன்காரனைப் பார்த்துக் கையை ஆட்டினீர்கள். வேன் காலியாகத் திரும்பிப் போனது. உங்கள் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் வேடிக்கைதான். நீங்கள் ரோட்டில், முத்துலட்சுமி மாடி பால்கனியில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே செல்போனில் பேசினீர்கள். என் போனைத்தான் அவளிடம் கொடுத்திருந்தேன்.

"சார், என் வேலை போயிரும்லா?" என்று கேட்டாள்.

"உன் வேலை எங்கயும் போகாதும்மா. மொதல்ல அதைத் தெரிஞ்சுக்கோ. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்."

அப்போதுதான் அவள் அழுதாள். நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்திருந்தவர்களின் அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எனக்கும் இருக்கு ஆன்ட்டி, எனக்கும் இருக்கு என்று சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டிக்கொண்டு வந்தார்கள். இத்தனை பேரையா வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாமல் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அன்று மதியம் மனசு லேசானது மாதிரி அதற்கு முன்னால் ஆனதில்லை.

மறுநாள் சுகாதாரத் துறையிலிருந்து வந்தார்கள். யாரையும் திட்டவில்லை, லைனையும் மூடவில்லை. மேல்மாடியை நோய் கண்டவர்களுக்கு ஒதுக்கினோம். கர்ப்பமாக இருந்த ஒரு பெண்ணை உடனே டாக்டரிடம் அனுப்பிவிட்டு வேறு கட்டடத்துக்கு மாற்றினோம். ஆளுக்கொரு கட்டில் வந்தது. எத்தனை நாள் ஓய்வு என்பதில் மட்டும் இழுபறி. மூன்று தண்ணீர் ஊற்றாமல் வேலைக்குப் போகக்கூடாது என்று முத்துலட்சுமியின் அம்மா போனிலேயே சண்டை பிடித்தார். நீங்கள் எதிர்வாதம் செய்யவில்லை. மூணாவது தண்ணி ஊத்தி, எல்லாக் கொப்புளமும் காஞ்சுடுச்சுன்னு டாக்டரும் சொன்னப்புறம் வாங்க என்று அதையும் நோட்டீஸாக ஒட்டினீர்கள். நீங்கள் ஒட்டியதிலேயே பெண்கள் நின்று படித்த நோட்டீஸ் அது ஒன்றுதான்.

அடுத்த வாரக் கடைசியில் உங்களுக்கே வந்தது. கேட்டுக்கு வெளியே நின்றும் தப்பவில்லை. வேறு எங்கோ தொற்றியது என்று நீங்கள் கடைசி வரை சாதித்தீர்கள். அதுகூடப் பரவாயில்லை. ஆடிட் இருக்கிறது, முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு ஓரமாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போய்விடுகிறேன், யாருக்கும் தெரியாது என்று என்னிடமே சொன்னீர்கள் பாருங்கள். மேனேஜர் மேல் உங்களுக்கு அவ்வளவு பயம். அன்றைக்கு அடுத்தவள் வேலைக்காக நின்றவர், உங்கள் வேலை என்றதும் அந்தப் பெண்கள் மாதிரியே ஒளியப் பார்த்தீர்கள்.

"இன்னா சார், சட்டம் எங்களுக்கு மட்டும்தானா? மரியாதையா வூட்ல படு சார்" என்று வீடியோ காலிலேயே சத்தம் போட்டேன். அந்த முறைப்பு அப்போதுதான். முறைத்துவிட்டு, சரிம்மா என்று படுத்துக்கொண்டீர்கள். அன்றிலிருந்துதான் உங்களை எனக்குப் பிடித்துப்போனது.

மேனேஜர் உங்களை வேலையை விட்டு எடுக்கவில்லை. முத்துலட்சுமியும் லைனுக்குத் திரும்பி நிரந்தரமானாள். இப்போது ஒரகடத்தில் குடும்பமாக இருக்கிறாள். உங்கள் சாவுச் செய்தியை எனக்குச் சொன்னதும் அவள்தான்.

இப்போது மறுபடி அம்மை சீசன். கம்பெனியில் புது எச்.ஆர்., சின்னப் பெண். நான் போன் செய்ததும் ஹெல்த் ஆபீசுக்குச் சொல்லியாச்சு ஆன்ட்டி என்றாள். கேட்டதும் அப்பாடா என்றிருந்தது. எந்த வேனும் வரவில்லை. யாரும் கத்தவில்லை.

நோய் என்று எந்தப் பெண் வந்து நின்றாலும், சுரம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் நீங்கள் சொன்னதைத்தான் முதலில் சொல்வேன். இத்தனை வருடமாக அதுதான் வழக்கம். இன்று காலை கௌசல்யா என்று ஒரு பெண், போன மாதம்தான் சேர்ந்தவள், தானாகவே பையோடு கீழே இறங்கி வந்து கழுத்தில் கொப்புளத்தைக் காட்டினாள். உன் வேலை எங்கயும் போகாதும்மா என்று ஆரம்பித்தேன்.

"அது தெரியும் ஆன்ட்டி. மேல ஃபேன் நல்லா ஓடுதா?" என்றாள்.

ஓடுகிறது என்று சொல்லி அவள் பையை நானே தூக்கிக்கொண்டு மேலே போனேன், சார்.