போர்ச் செய்தியில் கலா கற்ற ஆங்கிலம்

ஐப்பசி, செவ்வாய் இரவு

பக்கத்து வீட்டுக் கலா ஒரு மாதமாக என் ஆங்கிலப் பத்திரிகையை வாங்கிப் போய்ப் போர்ச் செய்திகளைப் படிக்கிறாள். தெரியாத சொற்களுக்கு என்னிடம் வந்து பொருள் கேட்பாள். அவள் கணவன் குமார் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். டி.வி.யில் கத்துவதை நம்ப முடியவில்லை என்பாள். "சண்டை முடியறதுக்குள்ள நான் பி.ஏ. இங்கிலீஷ் பாஸ் பண்ணிடுவேண்ணே" என்று நேற்றுகூடச் சிரித்தாள்.

இன்று நான் பட்டுக்கோட்டையிலிருந்து திரும்பியதும் கலா என்னை அவசரமாக அழைத்தாள். குமாரின் கம்பெனி மேலாளர் போனில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். ஏவுகணைச் சிதறல் குமாரின் வயிற்றில் பாய்ந்திருக்கிறது, அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நிலைமை கிரிட்டிக்கல் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

போனை வைத்ததும், இத்தனை வருடம் செய்தி எழுதிய நான், "கால்லதாம்மா அடி. பயப்பட ஒண்ணுமில்ல" என்றேன்.

கலா என்னையே பார்த்தாள். "கிரிட்டிக்கல்னா உயிருக்கு ஆபத்துன்னு போன வாரம் நீங்கதானேண்ணே சொன்னீங்க?"

அதற்குள் நடவு முடிந்து அவள் மாமியார் சேற்றுக் காலோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்ன தம்பி, போன் வந்துச்சாமே? குமாரு நல்லாருக்கானா?"

கலா தாழ்ந்த குரலில், "எனக்குச் சொன்னதையே அத்தைக்கும் சொல்லிடுங்கண்ணே" என்றாள்.

சொன்னேன். இரண்டாம் முறை நாக்குக் குழறவில்லை.